சிறுநீரகக் கல்லை உடைக்கும் கருவிக்குள் அணுகுண்டின் விசை! - துறைமுகத்தில் சிக்கும் 'இரட்டை வேட'ப் பொருள்கள்

சென்னைக்கு வடக்கே, எண்ணூரைத் தாண்டினால் காட்டுப்பள்ளி துறைமுகம். 2024 மே மாதம், சீனாவின் ஷாங்காயிலிருந்து பாகிஸ்தானின் கராச்சிக்குப் போகும் வழியில் ஒரு சரக்குக் கப்பல் அங்கே வந்து நின்றது. அதன் சரக்குகளில், 25 கிலோ டிரம்களில் அடைக்கப்பட்ட ஒரு ரசாயனமும் இருந்தது. மொத்தம் சுமார் இரண்டரை டன். ஆவணத்தில் அதன் பெயர், 'ஆர்த்தோ குளோரோ பென்சைலிடீன் மலோனோநைட்ரைல்'.

வாயில் நுழையாத பெயர். படித்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டியிருந்தால், டிரம்கள் சத்தமில்லாமல் கராச்சி போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால், வழக்கமான சோதனையில் இருந்த சுங்கத்துறையினர் நிறுத்திவிட்டார்கள். காரணம், அந்தப் பெயர் இந்தியாவின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தது. ரசாயன நிபுணர்கள் வந்து சோதித்தார்கள். டிரம்களில் இருந்தது 'சி.எஸ்.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கண்ணீர்ப்புகை ரசாயனம் என்பது உறுதியானது. சரக்கு பறிமுதல் செய்யப்பட்டது.

கண்ணீர்ப்புகைதானே, இதற்கா இவ்வளவு? எந்த ஊர் போலீஸிடமும் இருப்பதுதானே என்று தோன்றலாம். உண்மைதான். கலவரத்தை அடக்க போலீஸ் இதை வைத்திருப்பதை ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம் தடுக்கவில்லை. அதே புகையைப் போர்முனையில் எதிரி ராணுவத்தின் மீது வீசத்தான் தடை. டிரம் ஒன்று, ரசாயனம் ஒன்று. யார் கைக்குப் போகிறது, எதற்காகப் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இப்படி இரண்டு முகம் கொண்ட பொருள்களை 'இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்கள்' என்கிறார்கள். பால்பாயின்ட் பேனா மை தயாரிப்பில் உதவும் 'தையோடைகிளைகால்' என்ற திரவத்திலிருந்து, முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கானோரைக் குருடாக்கிய கடுகு வாயுவும் தயாரிக்கலாம். எது பேனாவுக்குப் போகிறது, எது போருக்குப் போகிறது என்று பொருளைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதனால்தான் உலக நாடுகள் பலவும் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. இந்தியாவின் பட்டியலுக்குப் பெயர், ஸ்கோமெட். சிறப்பு ரசாயனங்கள், நுண்ணுயிரிகள், மூலப்பொருள்கள், கருவிகள், தொழில்நுட்பங்கள் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது. அந்தப் பட்டியலில் இருப்பதை அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது.

சொல்வதற்குச் சுலபம். தன் பொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு எதற்கு 200?

சிறுநீரகத்தில் கல் வந்து அவதிப்பட்டவர்களுக்கு 'லித்தோட்ரிப்டர்' தெரிந்திருக்கும். கத்தி வைக்காமல், வெளியிலிருந்தே அதிர்வலையை அனுப்பிக் கல்லைப் பொடிப்பொடியாக்கும் கருவி. சில வகைக் கருவிகளில் அந்த அதிர்வலையை உண்டாக்க, கண்ணிமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்குள் மிக உயர்ந்த மின்னழுத்தத்தைத் திறந்துவிடும் ஒரு சுவிட்ச் வேண்டும். அதன் பெயர் 'டிரிக்கர்டு ஸ்பார்க் கேப்'. பார்ப்பதற்கு நூல்கண்டு மாதிரி இருக்கும்.

அணுகுண்டிலும் இதே வேலைக்கு இதே சுவிட்ச் உதவும். குண்டின் மையத்தைச் சுற்றியுள்ள வெடிமருந்துகள் அத்தனையும் துளிகூட முன்பின் இல்லாமல் ஒரே கணத்தில் வெடித்தாக வேண்டும். அதற்குத் துல்லியமான, அதிவேகமான சுவிட்ச் தேவை.

2003-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வசித்த ஒரு வியாபாரி, இந்த சுவிட்சுகளில் 200-ஐ அமெரிக்காவிலிருந்து வாங்க முயன்றார். சொவேட்டோவில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று காரணம் சொல்லப்பட்டது. ஓர் ஆஸ்பத்திரிக்கு ஐந்தாறு இருந்தால் தாராளம். 200 எதற்கு? இந்த ஓர் எண்தான் சந்தேகத்தைக் கிளப்பியது. அமெரிக்க அதிகாரிகள் ஆர்டரைத் தடுக்கவில்லை. உற்பத்தியாளரிடம் சொல்லி, வேலை செய்யாதபடி முடக்கப்பட்ட 66 சுவிட்சுகளை அனுப்ப வைத்துப் பின்தொடர்ந்தார்கள். பெட்டி அமெரிக்காவிலிருந்து தென்னாப்பிரிக்கா போனது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, பாகிஸ்தானுக்குப் போனது. அந்த வியாபாரி 2004 புத்தாண்டு சமயத்தில் அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது கைதானார். மறு வருடம் மூன்றாண்டு சிறைத் தண்டனை.

அமெரிக்கப் பட்டியலில் இந்த சுவிட்சுக்கு ஓர் எண் உண்டு. 3ஏ228. ரயில் பெட்டியில் எழுதியிருக்கும் எண் மாதிரி தெரிந்தாலும், இதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு முழு ஜாதகம். முதலில் உள்ள 3, இது எலெக்ட்ரானிக்ஸ் வகை என்கிறது. அடுத்துள்ள 'ஏ', இது கையில் பிடிக்கக்கூடிய பொருள் என்கிறது. அந்த இடத்தில் 'பி' இருந்தால் அதைத் தயாரிக்கும், சோதிக்கும் இயந்திரம். 'சி' என்றால் மூலப்பொருள். 'டி' என்றால் மென்பொருள். 'இ' என்றால் தொழில்நுட்ப அறிவு. அதற்கடுத்த 2தான் முக்கியம். ஏன் கட்டுப்படுத்துகிறார்கள் என்ற காரணத்தை அதுதான் சொல்கிறது. 2 என்றால் அணு ஆயுதப் பரவல். 1 இருந்தால் ஏவுகணை. 3 இருந்தால் ரசாயன, உயிரியல் ஆயுதம். ஆஸ்பத்திரிக் கருவியின் ஒரு சின்ன பாகத்துக்கு 'அணு' என்று முத்திரை விழுந்திருப்பது, பட்டியலைப் பார்த்தால் மட்டுமே தெரியும். பாகத்தைப் பார்த்தால் தெரியாது.

ஒரே வால்வு, வேறு உலோகம்

நம் ஊர்ப் பக்கம் வருவோம். கோவையில் பம்பும் வால்வும் செய்யும் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து வால்வுகளுக்கு ஆர்டர் வருகிறது. ஏற்றுமதி ஆவணத்தில் சுங்க வரிக்கான எச்.எஸ். எண்ணை எழுதுகிறார்கள். வால்வுக்கு 8481. உலகம் முழுக்க அந்த எண்தான். சமையலறைக் குழாய்க்கும் அதே 8481. ரசாயன ஆலையின் வால்வுக்கும் அதே 8481.

முதல் தடவை ஏற்றுமதிக்கு இறங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். எச்.எஸ். எண் போட்டாகிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த எண் சொல்வது, 'இது வால்வு' என்பதை மட்டும். ஸ்கோமெட் கேட்பது வேறு கேள்வி: இந்த வால்வால் என்ன செய்ய முடியும்?

ரசாயன ஆயுதங்களைத் தயாரிக்கும்போது அரிக்கும் தன்மை கொண்ட திரவங்கள் குழாய்களில் ஓடும். சாதாரண இரும்பு தாங்காது. எனவே, பட்டியல் தயாரித்தவர்கள் உலோகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். திரவம் தொடும் பரப்பு எந்த உலோகத்தால் ஆனது? 40 சதவிகிதத்துக்கு மேல் நிக்கல் உள்ள உலோகக்கலவையா? டைட்டானியமா, டான்டலமா, ஜிர்கோனியமா? கண்ணாடிப் பூச்சா? அளவு 10 மில்லிமீட்டருக்கு மேலா? இதற்கெல்லாம் 'ஆம்' என்றால், அந்த வால்வு பட்டியலுக்குள் வந்துவிடும்.

ஆலைகளில் பரவலாகப் புழங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நிக்கல் 10 முதல் 14 சதவிகிதம்தான். அதில் செய்த வால்வுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதே வரைபடம், அதே அச்சு, அதே லேத். வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக 'ஹேஸ்டெல்லாய் சி-276' உலோகத்தில் வார்த்தால், பாதிக்கு மேல் நிக்கல். அந்த வால்வு அனுமதி இல்லாமல் கப்பலேற முடியாது. இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அனுபவசாலிகளுக்குக்கூடப் பார்வையால் மட்டும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பம்புக்கும் இதே கதைதான். கிணற்றுக்குப் போடும் வார்ப்பிரும்பு பம்பை எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் அனுப்பலாம். சீலே இல்லாத, அல்லது பல அடுக்கு சீல் கொண்ட பம்ப், மணிக்கு 600 லிட்டருக்கு மேல் தள்ளும் என்றால், உள்பரப்பின் உலோகம் எது என்ற கேள்வி உடனே வந்துவிடும். கசியாத பம்ப் ஏன் சந்தேகத்துக்குரியது? விஷத்தைத் தயாரிப்பவருக்கு, தன் ஆலைக்குள் அது கசியக் கூடாது அல்லவா!

ஆக, இந்த வகைப்படுத்தலைச் செய்ய வேண்டியவர் கணக்கு எழுதுபவரோ, கப்பல் ஏஜென்ட்டோ மட்டும் அல்ல; பொருளை வடிவமைத்த இன்ஜினீயரும் பக்கத்தில் உட்கார வேண்டும். பல சிறு நிறுவனங்களில் நடப்பது நேர்மாறு. ஆவண வேலையெல்லாம் 'ஆபீஸ் பார்த்துக்கும்' என்று ஷாப் ஃப்ளோர் நினைக்கிறது. 'பொருள் விவரமெல்லாம் ஃபேக்டரிக்குத் தெரியும்' என்று ஆபீஸ் நினைக்கிறது. இரண்டுக்கும் நடுவே பெட்டி துறைமுகத்துக்குப் போய்விடுகிறது.

சுத்தியலால் உடைபட்ட டேப் ரெக்கார்டர்

தவறாக வகைப்படுத்தினால் என்ன ஆகும்? அதற்கு உலகமே சொல்லும் உதாரணம் தோஷிபா.

1980-களின் தொடக்கம். பனிப்போர் காலம். சோவியத் யூனியனுக்கு ராணுவப் பயன்பாடுள்ள தொழில்நுட்பம் எதுவும் போய்விடக் கூடாது என்று அமெரிக்கா, மேற்கு ஐரோப்பிய நாடுகள், ஜப்பான் எல்லாம் சேர்ந்து 'கோகாம்' என்ற அமைப்பை நடத்தின. தலைமையகம் பாரிஸ். அவர்களின் பட்டியலில் உலோகத்தைக் கடைந்தெடுக்கும் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு இயந்திரங்களும் இருந்தன. எத்தனை அச்சுகளில் ஒரே நேரத்தில் நகர்ந்து வெட்டும் என்பதுதான் அளவுகோல். இரண்டு அச்சு என்றால் பிரச்னை இல்லை. அதற்கு மேல் போனால் தடை.

சோவியத்துக்குத் தேவைப்பட்டது ஒன்பது அச்சு இயந்திரம். பிரமாண்டமான ராட்சச இயந்திரம். எதற்கு? நீர்மூழ்கிக் கப்பலின் சுழல்விசிறியைச் செதுக்க.

அந்த விசிறியின் வளைவு சற்றே பிசகினாலும், சுழலும்போது தண்ணீரில் குமிழிகள் கிளம்பும். அவை உடையும்போது சத்தம் வரும். அந்தச் சத்தத்தைப் பிடித்துத்தான், கடலுக்கடியில் எங்கே எந்தக் கப்பல் பதுங்கியிருக்கிறது என்று அமெரிக்கக் கடற்படை கண்டுபிடித்தது. விசிறியைப் பிசிறில்லாமல் செதுக்கிவிட்டால் சத்தம் குறையும். சத்தம் குறைந்தால் அணு ஏவுகணையோடு பக்கத்திலேயே வந்து நின்றாலும் தெரியாது.

தோஷிபாவின் துணை நிறுவனமான தோஷிபா மெஷின் இந்த இயந்திரங்களை விற்க ஒப்புக்கொண்டது. அவற்றை இயக்கும் கம்ப்யூட்டர் பகுதியைக் கொடுத்தது நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனம். ஆனால் ஏற்றுமதி அனுமதி? ஜப்பான் அரசிடம் கொடுத்த விண்ணப்பத்தில், 'இரண்டு அச்சு கொண்ட சாதாரண லேத்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாடலின் பெயரைப் போட்டார்கள். அரசு அதை நம்பி முத்திரை குத்தியது. ஒன்பது அச்சு இயந்திரங்கள் கப்பலேறி, லெனின்கிராடில் உள்ள பால்டிக் கப்பல் கட்டும் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

விஷயம் வெளியே வந்தது உளவாளிகளால் அல்ல. இந்த பேரத்தில் இடையில் நின்ற ஜப்பானிய வர்த்தக நிறுவனம் ஒன்றின் மாஸ்கோ அலுவலகத்தில் வேலை பார்த்த குமாகாய் என்பவரால். அவர் 1985 டிசம்பரில், பாரிஸில் உள்ள கோகாம் அமைப்புக்கு எல்லாவற்றையும் விவரித்துக் கடிதம் எழுதினார். ஜப்பான் அரசு தோஷிபா மெஷினைக் கேட்டது. 'அப்படியெல்லாம் இல்லை' என்றார்கள். விசாரணை அத்தோடு முடிந்தது. வகைப்படுத்தியவரிடமே 'சரியாக வகைப்படுத்தினாயா' என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்!

1987-ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தி வெடித்தது. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் புல்வெளியில், அமெரிக்க எம்.பி-க்கள் பெரிய சுத்தியல்களை எடுத்து, கேமராக்கள் பார்க்க தோஷிபா டேப் ரெக்கார்டரை அடித்து நொறுக்கினார்கள். தாய் நிறுவனமான தோஷிபாவின் சேர்மனும் பிரசிடென்ட்டும் ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். அமெரிக்க நாளிதழ்களில் முழுப்பக்க மன்னிப்பு விளம்பரங்கள் வந்தன. தோஷிபா மெஷின் ஊழியர்கள் இருவருக்குத் தண்டனை. நிறைவேற்றம் நிறுத்திவைக்கப்பட்டதால் சிறைக்குப் போகவில்லை. நிறுவனத்துக்கு 20 லட்சம் யென் அபராதம். விற்பனையின் மதிப்போடு ஒப்பிட்டால் அந்த அபராதம் வெறும் கொசுறு.

சோவியத் நீர்மூழ்கிகள் அமைதியானது இந்த இயந்திரங்களால்தானா என்பதில் நிபுணர்களுக்குள் கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது. இயந்திரங்கள் போய்ச் சேரும் முன்பே சத்தம் குறையத் தொடங்கிவிட்டது என்பவர்களும் உண்டு. அமெரிக்கக் கடற்படைக்குள்ளிருந்தே ரகசியங்களை விற்ற ஜான் வாக்கரின் உளவு வளையம்தான் சோவியத்துக்கு விழிப்பு தந்தது என்றும் சொல்வார்கள். டேப் ரெக்கார்டரை உடைத்ததில் நியாயமான கோபம் எவ்வளவு, ஜப்பானியப் பொருள்கள் அமெரிக்கச் சந்தையை நிரப்பிய எரிச்சல் எவ்வளவு என்பதும் யோசிக்க வேண்டியதுதான். ஆனால், எல்லாமே ஒரு விண்ணப்பத்தில் ஒன்பதுக்குப் பதில் இரண்டு என்று எழுதியதிலிருந்து கிளம்பியது.

கோகாம் 1994-ல் கலைக்கப்பட்டது. அதன் இடத்தில் 1996-ல் வந்தது, நெதர்லாந்தின் ஒரு சிற்றூரின் பெயரைத் தாங்கிய 'வாசனார் ஏற்பாடு'. இன்றைக்கும் அதன் பட்டியலில் அச்சுகளின் எண்ணிக்கை பார்க்கப்படுகிறது. கூடவே, ஒரே புள்ளிக்கு மீண்டும் மீண்டும் எத்தனை மைக்ரான் துல்லியத்தோடு திரும்பி வருகிறது என்பதும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

விளையாட்டுப் பெட்டியும் ஆயுதமா?

பட்டியலில் எண்கள் இருக்கும்வரை ஒரு வேடிக்கையும் இருக்கும். எண் அப்படியே நிற்கும். தொழில்நுட்பம் ஓடிக்கொண்டே இருக்கும்.

1999-ல் ஆப்பிள் நிறுவனம் 'பவர் மேக் ஜி4' கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அதன் வேகம், அப்போதைய அமெரிக்க விதியில் சூப்பர் கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த கோட்டைத் தாண்டிவிட்டது. இந்தியா உள்பட ஐம்பது நாடுகளுக்கு அதை அனுப்பக் கட்டுப்பாடு. ஆப்பிள் சும்மா இருக்குமா? மேஜைமேல் வைக்கும் கம்ப்யூட்டரைச் சுற்றி ராணுவ டாங்கிகள் காவல் நிற்பது போல டி.வி. விளம்பரமே எடுத்துவிட்டது. அடுத்த சில மாதங்களில் கோடு உயர்த்தப்பட்டது. 2000-ல் ஜப்பான் அரசு, சோனியின் பிளேஸ்டேஷன் 2-ஐக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. படங்களை அது அலசும் வேகம், ஏவுகணைக்கு வழிகாட்டப் போதுமானது என்று காரணம் சொல்லப்பட்டது. பிள்ளைகள் கார் ரேஸ் ஓட்டும் பெட்டி!

செல்போனில் செருகிக்கொள்ளும் வெப்பக் கேமராக்களைப் பார்த்திருக்கலாம். சுவருக்குள் தண்ணீர் கசிவு, மின்கம்பியில் சூடு எல்லாம் காட்டும். அவற்றில் பலவற்றின் படம் கொஞ்சம் திக்கித் திக்கித்தான் நகரும். நொடிக்கு 9 பிரேமைத் தாண்டினால் கட்டுப்பாடு இறுகும் என்பதால், உற்பத்தியாளர்களே வேண்டுமென்றே அந்த வேகத்துக்குள் நிறுத்தி வைக்கிறார்கள். ஓடும் வாகனத்தைக் குறிபார்க்க 9 போதாது. கசிவைக் கண்டுபிடிக்க 9 தாராளம். எங்கோ ஒரு பட்டியலில் உள்ள ஒற்றை எண், நம் கைக்கு வரும் பொருளின் வடிவத்தையே தீர்மானிக்கிறது.

பெட்டியில் கட்டி அனுப்புவது மட்டும்தான் ஏற்றுமதி என்றும் நினைத்துவிடக் கூடாது. கட்டுப்பாட்டில் உள்ள இயந்திரத்தின் வரைபடத்தை இமெயிலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் பில் ஜிம்மர்மன் என்பவர் 1991-ல் 'பி.ஜி.பி.' என்ற ரகசியக் குறியீட்டு மென்பொருளை எழுதினார். அது இணையம் வழியாக நாட்டைவிட்டு வெளியேறியதும், ஆயுத ஏற்றுமதி விதியின் கீழ் அவர் மீது விசாரணை தொடங்கியது. புத்தகத்தை ஏற்றுமதி செய்ய மட்டும் தடை இல்லை. எனவே 1995-ல் மென்பொருளின் மொத்த வரிகளும் புத்தகமாகவே அச்சாகின. காகிதத்தில் இருந்தால் புத்தகம். அதையே ஃப்ளாப்பியில் ஏற்றினால் ஆயுதம்! 1996 ஜனவரியில் விசாரணை கைவிடப்பட்டது. இன்றைக்கு வாட்ஸ்அப் அனுப்பும் ஒவ்வொரு 'குட் மார்னிங்'கும் இதே மாதிரி ரகசியக் குறியீட்டில்தான் பயணிக்கிறது.

வரிசையில் நின்ற இந்தியா

இந்தப் பட்டியல்களின் சூடு இந்தியாவுக்கு நன்றாகவே தெரியும். ரொம்ப நாள் வரை, மற்றவர்களின் பட்டியலால் கதவு சாத்தப்பட்ட நாடு இது.

1980-களில் அமெரிக்காவின் கிரே சூப்பர் கம்ப்யூட்டரை இந்தியா கேட்டது. இழுபறிக்குப் பின், கேட்டதைவிடத் திறன் குறைந்த ஒன்றை, வானிலைக் கணிப்புக்கு மட்டும் என்ற நிபந்தனைகளோடு தந்தார்கள். வெறுத்துப்போய் 1988-ல் சி-டாக் நிறுவனத்தைத் தொடங்கி, 1991-ல் 'பரம் 8000'-ஐ இந்தியா தானே உருவாக்கியது.

கிரையோஜெனிக் இன்ஜின் கதை இன்னும் கசப்பானது. 1991-ல் சோவியத் யூனியனின் கிளாவ்காஸ்மாஸோடு இஸ்ரோ ஒப்பந்தம் போட்டது. இன்ஜின்கள், அவற்றைத் தயாரிக்கும் தொழில்நுட்பம் இரண்டும் வரும் என்று ஏற்பாடு. அமெரிக்கா குறுக்கே வந்தது. இது ஏவுகணைத் தொழில்நுட்பம், கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது என்றது. மைனஸ் 250 டிகிரிக்கும் கீழே குளிரவைத்த ஹைட்ரஜனை மணிக்கணக்கில் நிரப்பி, எவராவது அவசரத்துக்கு ஏவுகணை விடுவார்களா என்று இந்திய விஞ்ஞானிகள் கேட்டது நியாயமான கேள்வி. பட்டியல் நியாயம் பார்ப்பதில்லை. 'ராக்கெட்டின் அடுக்கு' என்ற வரி இருக்கிறதா என்றுதான் பார்க்கும். 1992 மே மாதம் இஸ்ரோ மீதும் கிளாவ்காஸ்மாஸ் மீதும் தடை. கடைசியில் இன்ஜின்கள் மட்டும் வந்தன, தொழில்நுட்பம் வரவில்லை. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் வருடக்கணக்கில் சோதித்துச் சோதித்து உருவான இந்திய கிரையோஜெனிக் இன்ஜின், 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி5 ராக்கெட்டில் வெற்றிகரமாக எரிந்தது. இடையில் போனது இருபது வருடங்களுக்கு மேல்.

பிறகு காற்று மாறியது. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் 2016 ஜூனிலும், வாசனார் ஏற்பாட்டில் 2017 டிசம்பரிலும், ரசாயன, உயிரியல் பொருள்களைக் கவனிக்கும் ஆஸ்திரேலியா குழுவில் 2018 ஜனவரியிலும் இந்தியா உறுப்பினரானது. அணுசக்திப் பொருள் வழங்கும் நாடுகளின் குழு மட்டும்தான் இன்னும் பாக்கி. கதவுக்கு வெளியே நின்ற நாடு, இப்போது உள்ளே உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்க்கிறது. காட்டுப்பள்ளியில் நடந்தது அதன் ஒரு காட்சி.

அனுப்புகிறவர் என்ன செய்ய வேண்டும்?

ஸ்கோமெட் பட்டியல் பூஜ்ஜியத்தில் தொடங்கி எட்டில் முடிகிறது. பூஜ்ஜியம் அணுசக்திப் பொருள்கள். அனுமதி தருவது அணுசக்தித் துறை. ஆறு ராணுவத் தளவாடங்கள்; அதைக் கவனிப்பது பாதுகாப்பு உற்பத்தித் துறை. மற்ற பெரும்பாலானவற்றுக்கு வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம், அதாவது டி.ஜி.எஃப்.டி. விண்ணப்பம் ஆன்லைனில்தான். பல அமைச்சகங்களின் அதிகாரிகள் சேர்ந்த குழு அதைப் பரிசீலிக்கும். வாங்குபவர் யார், எங்கே பயன்படுத்தப் போகிறார், மூன்றாவது ஆளுக்குக் கைமாற்ற மாட்டாரா என்று, இறுதியில் பயன்படுத்தப்போகிறவர் கையெழுத்திட்ட சான்றிதழ் கேட்பார்கள்.

இதில் நேரம் பிடிக்கும் என்பதுதான் சிறு ஏற்றுமதியாளர்களின் பெரிய வலி. ஆர்டரில் கையெழுத்திட்டு, டெலிவரி தேதியும் சொல்லிவிட்ட பிறகு, 'அடடா, இது பட்டியலில் இருக்கிறதே' என்று தெரிந்தால், தாமத அபராதம் கட்டுவதா, அனுமதி இல்லாமல் அனுப்பிவிடலாமா என்ற சபலம் வரும். அனுப்பினால் அபராதம், வழக்கு, ஏற்றுமதி உரிமமே போகும் அபாயம். கொட்டேஷன் கொடுக்கும்போதே வகைப்படுத்தலையும் முடித்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. வாடிக்கையாளர் நடுவில் உலோகத்தை மாற்றச் சொன்னாலோ, துல்லியத்தைக் கூட்டச் சொன்னாலோ மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். போன வருடம் சரியாக இருந்த பதில், பட்டியல் திருத்தப்பட்டதால் இந்த வருடம் தப்பாகியிருக்கலாம்.

பட்டியலில் இல்லை என்பதும் முழு விடுதலை அல்ல. 2005-ல் வந்த பேரழிவு ஆயுதங்கள் சட்டப்படி, பொருள் எதுவாக இருந்தாலும், அது அத்தகைய ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தே அனுப்பினால் குற்றம். வாங்குபவர் முகவரியில் ஓர் அடுக்குமாடி வீடு இருக்கிறது. கேட்பதோ தொழிற்சாலை இயந்திரம். பொருத்திக் கொடுக்க ஆள் வேண்டாம், வாரன்ட்டி வேண்டாம், ரொக்கமாகப் பணம் தருகிறேன் என்கிறார். ஆஸ்பத்திரிக்கு 200 சுவிட்ச் கேட்ட கதைதான் இது, வேறு வேடத்தில்.

இறுகுவது மட்டுமே நடப்பதில்லை, தளர்வதும் உண்டு. ஆளில்லா விமானங்கள் பட்டியலில் இருப்பதால், வயலில் மருந்து தெளிக்கும் டிரோனுக்கும் ஒவ்வொரு முறையும் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2023 ஜூனில் டி.ஜி.எஃப்.டி. அதை மாற்றியது. 25 கிலோமீட்டருக்குள் பறக்கும், 25 கிலோவுக்குள் சுமக்கும் சிவில் டிரோன்களுக்கு ஒருமுறை அனுமதி வாங்கினால் மூன்று வருடங்களுக்குப் போதும். அந்தச் சலுகை டிரோனுக்கு மட்டும். அதன் மென்பொருளையோ, தொழில்நுட்ப விவரங்களையோ அனுப்புவதென்றால், பழையபடி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.